உள்ளே வந்தது யார்?

அயனம்பாக்கத்தில் வானகரம்–அம்பத்தூர் சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் திரும்பினால் வீடுகளுக்கு நடுவிலேயே சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கும். பலவற்றுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. லேத் ஓடும் சத்தமும் கூலன்ட் வாசனையும்தான் அடையாளம். 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள், டை செய்பவர்கள், வண்டி உதிரி பாகங்களுக்குப் பிரஸ் ஓட்டுபவர்கள் என்று பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்க்கும் இடங்கள் இவை. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் கண்ணாடி போட்ட கேபின், அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். டாலி அதில்தான். கஸ்டமர் அனுப்பிய டிராயிங் அதில்தான். இ-வே பில், ஜிஎஸ்டி, பேங்க், மெயில் எல்லாமே அதில்தான். சர்வர் என்று அவர்கள் சொல்வதும் அதைத்தான்.

இந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒயர் இழுப்பது, ரவுட்டர் மாற்றுவது, வைரஸ் எடுப்பது, வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வர வழி செய்து கொடுப்பது. இந்தக் கடைசி வேலையையும் நெடுநாள் மற்ற வேலைகளோடு ஒன்றாகத்தான் பார்த்தேன். டாலி திறக்கிறதா, வேகமாக வருகிறதா, ஓனருக்குத் திருப்தியா, அவ்வளவுதான் கேள்வி. ஒருவருடைய நல்ல பெயரே இந்த வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கணக்குப் பெண். அவரால் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. மெஷின் நின்றாலும் கணக்கு நிற்காது என்பது ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர்களுக்குச் சில நாட்களிலேயே உறைத்தது. நிதியாண்டு முடிகிற நேரம். வர வேண்டிய பாக்கிக்கு விவரம் வேண்டும், சம்பளம் போட வேண்டும், பேங்க் கேட்கிற ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளை 25 சதவீத ஆட்களோடு திறக்க அரசு அனுமதித்ததே மே 25-ல்தான்.

அந்த இரண்டு மாதங்களில் எங்கள் பகுதியில் எத்தனையோ ரவுட்டர்களில் யார் யாரோ ஒரே வேலையைச் செய்தார்கள். பிராட்பேண்ட் கம்பெனியிடம் கூடுதல் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குவது, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது, விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்வது. பத்து நிமிட வேலை. வீட்டில் உட்கார்ந்து ஐபி எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்தால் ஆபீஸ் திரை கண்முன் வந்துவிடும். அந்த அவசரத்தில் அதைச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் போய்ச் சேர்ந்தது, அதுதான் அன்றைக்குத் தேவை.

ஆனால் அந்த எண்ணை உலகத்தில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். "அயனம்பாக்கத்துல இருக்கிற நம்ம பட்டறையை எவன் தேடி வரப்போறான்?" என்று ஓனர்கள் கேட்பார்கள். தேடி வர வேண்டியதே இல்லை. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஸீமேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால், இன்டர்நெட்டின் பழைய ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அதில் நம் பட்டறையும் ஒன்று. சிலர் 3389-ஐ 3390 என்று மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். எல்லா எண்களையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஊரடங்கு தொடங்கியதும் தட்டுபவர்கள் பெருகினார்கள். பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் நுழையும் முயற்சிகள் 2020 பிப்ரவரியில் உலகம் முழுக்க ஏறத்தாழ 9.3 கோடி, மார்ச்சில் 27.7 கோடி என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்குக் காட்டியது. இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எத்தனை முறை தவறாக அடித்தால் கணக்கைப் பூட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்போது விண்டோஸில் தானாக இருக்காது. நாம்தான் போய்ப் போட வேண்டும். பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டு என்பதை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ல் இயல்பாகவே வைத்தது 2022-ல். அதுவரைக்கும் ஒரு புரோகிராம் இரவு பகலாக உட்கார்ந்து லட்சம் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தாலும் நம் கம்ப்யூட்டர் சளைக்காமல் 'தவறு, தவறு' என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. எங்கள் பகுதியில் ஒரு பிரஸ் ஷாப். நான் முதலில் சொன்ன கணக்குப் பெண் அங்கேதான் வேலை; ஊரடங்கில் வீட்டிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் 'அக்கவுன்ட்ஸ்' என்று ஒரே ஒரு பெயர், அதற்கு ஒரே பாஸ்வேர்டு. ஓனருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆடிட்டர் ஆபீஸுக்கும் தெரியும், டாலி சர்வீஸ் பார்ப்பவருக்கும் தெரியும். இப்படித்தான் எல்லா இடத்திலும். ஆளுக்கொரு பெயர் வைத்தால் குழப்பம் என்று நினைப்பார்கள். விண்டோஸ் சர்வர் வாங்கி ஆளுக்கொரு லைசென்ஸ் போட்டால் செலவு.

ஒரு நாள் காலை அவர்களுடைய பெரிய கஸ்டமரின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ஓனருக்கு போன். "உங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இனிமே புது அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்கன்னு மெயில் வந்திருக்கே சார், கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா?" பணம் அனுப்புமுன் கேட்ட அந்த மனிதருக்குப் புண்ணியம். மெயில் போலி முகவரியிலிருந்து வரவில்லை. கம்பெனியின் சொந்த மெயிலிலிருந்தே, இரவு ஒரு மணிக்கு மேல் போயிருந்தது. பாக்கி இருந்த பில் எண்கள் சரியாக இருந்தன, தொகை சரியாக இருந்தது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதமும் இருந்தது.

எந்தெந்த பில் பாக்கி என்று தெரிந்தவர் யார்? வீட்டிலிருந்து உள்ளே வரக்கூடியவர் யார்? ஓனரின் யோசனை எங்கே போய் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. அவர் கெட்டவரும் இல்லை. முதல் ஊரடங்கில் மெஷின் ஓடாத மாதங்களிலும் கையிலிருந்து சம்பளம் கொடுத்தவர். யார் மேலும் பழி போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "ரெண்டு மூணு நாள் லாகின் பண்ண வேணாம்மா, செக் பண்ணிட்டு சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று மாலைக்குள் சூப்பர்வைசருக்குத் தெரிந்தது, ஆடிட்டர் ஆபீஸில் தெரிந்தது.

நான் பார்க்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு அந்தப் பெண் எனக்கு போன் செய்தார். அழவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "நைட்டு பன்னெண்டுக்கு மேல நான் லாகின் பண்ணதே இல்ல சார். ஆனா அதை நான் எப்படி சார் காட்டுறது? என் பேர்லதானே ஓப்பன் ஆயிருக்கும்?" அவர் பெயர் அங்கே இல்லவே இல்லை. 'அக்கவுன்ட்ஸ்' என்றுதான் இருந்தது. ஆனால் கணக்குப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பொதுப் பெயர் அவர் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது நான் நடுநிலையாக இல்லை. அவர் இல்லை என்று வர வேண்டும் என மனதார விரும்பினேன். அந்த விருப்பமே எனக்குப் பயத்தையும் கொடுத்தது, ஏனென்றால் விரும்பியதைத்தான் கண் தேடும். அதனால் ஓனரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன்.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. அதில் செக்யூரிட்டி என்ற பதிவேட்டில், உள்ளே வந்தவர்கள் 4624 என்ற எண்ணிலும் பாஸ்வேர்டு தவறிப்போன முயற்சிகள் 4625 என்ற எண்ணிலும் பதிவாகும். வழக்கமாக அதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் 20 எம்பி. நிறைந்துவிட்டால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். திறந்தால் திரை முழுக்க 4625. கீழே இழுக்க இழுக்க அதேதான். அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர், டெஸ்ட், அக்கவுன்ட்ஸ், டாலி என்று பெயரை மாற்றி மாற்றி நொடிக்கு நொடி யாரோ தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்றைய இரவுப் பதிவைத் தேடினேன். இல்லை. உள்ளே வர முடியாதவர்களின் வெள்ளத்தில், உள்ளே வந்தவனின் தடம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

என் கை அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. இதோடு எழுந்திருந்தால் ஓனரிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

விண்டோஸ் வைத்திருக்கும் பதிவேடு அது ஒன்று மட்டும் இல்லை. பல அடுக்கு உள்ளே போனால் டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் என்ற பெயரில் ஒன்று இருக்கும். தோற்றுப்போனவர்களை அது எழுதுவதில்லை. உள்ளே வந்து திரையைப் பிடித்தவர்களை மட்டும்தான் எழுதும். 21 என்றால் உள்ளே வந்தார், 24 என்றால் தொடர்பு விட்டது, 25 என்றால் திரும்ப வந்தார். பக்கத்தில் பயனர் பெயர், நேரம், எந்த முகவரியிலிருந்து என்ற விவரம். எழுத வேண்டியது கொஞ்சம் என்பதால் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. பார்த்தால், காலையில் வந்து மாலையில் போன பதிவுகள் எல்லாம் அந்தப் பெண்ணின் வீட்டு பிராட்பேண்ட் கம்பெனிக்குச் சொந்தமான முகவரிகளிலிருந்து. பிறகு அடுத்தடுத்த சில இரவுகளில், ஒரு மணிக்கு மேல், வெளிநாட்டில் சர்வர் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து. அதே 'அக்கவுன்ட்ஸ்' பெயரில்.

ஓனர் கூர்மையான ஆள். "இங்கேயே உக்காந்துகிட்டு வெளிநாட்டு அட்ரஸ் வர்ற மாதிரி பண்ண முடியாதா தம்பி?" என்று கேட்டார். முடியும் என்றுதான் சொன்னேன். முகவரியை மட்டும் வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது. ஆனால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான ஆட்கள் இதே பெயரை ஊகித்துக்கொண்டிருந்ததற்கு அத்தாட்சி திரையில் இருந்தது. கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பதும் தெரிந்ததுதான். மெயிலைத் துருவியபோது இன்னொன்றும் கிடைத்தது. அந்தக் கஸ்டமரிடமிருந்து வரும் பதில் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போகும்படி ஒரு ரூல் போட்டு வைத்திருந்தார்கள். மெயில் மோசடி செய்பவர்கள் உலகம் முழுக்கக் கையாளும் வழக்கமான வேலை அது. அந்தப் பெண் செய்தார் என்று காட்ட ஒரு துரும்பும் இல்லை; வெளியாட்கள் வந்தார்கள் என்று காட்ட இவ்வளவு இருந்தது. ஓனர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் முன்னாலேயே அவருக்கு போன் போட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அந்த ரெண்டாவது லாகும் அழிஞ்சு போயிருந்தா நான் என்ன சார் பண்ணியிருப்பேன்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்கான பதில் பின்னால் வேறொரு பட்டறையில் கிடைத்தது, நான் விரும்பாத வடிவத்தில். அங்கே சிஎன்சி புரோகிராம் எழுதும் ஒரு பையன். கஸ்டமர் டிராயிங்குகள் வெளியே போய்விட்டன என்ற சந்தேகம். அங்கேயும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, வீட்டிலிருந்து நுழைந்து வேலை பார்ப்பவன் அவன் ஒருவன்தான். நான் போய்ச் சேருவதற்குள், வைரஸாக இருக்கும் என்று யாரோ கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுவிட்டிருந்தார்கள். பார்க்க எதுவுமே மிச்சமில்லை. அவனைப் போகச் சொல்லவில்லை, அவனே போய்விட்டான். அவன் எடுத்தானா, எடுக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஓனருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் அவன் சொன்னால் நம்ப யாருக்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு என் வேலையை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் எல்லாரும் திருடனைப் பற்றிப் பேசுகிறார்கள். திருட்டு நடந்த பிறகு பழி யார் மேல் விழும் என்று பேசுவதில்லை. அது ஓனர் மேல் விழாது, ஓனர் மகன் மேல் விழாது, ஆடிட்டர் மேலும் விழாது. பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிற பெண் மேல் விழும். நேற்றுச் சேர்ந்த பையன் மேல் விழும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஸ்வேர்டு என்பதன் உண்மையான அர்த்தம் இதுதான்: நாளைக்கு ஏதாவது நடந்தால் இருப்பதிலேயே எளியவர் பதில் சொல்ல வேண்டும்.

எந்தப் பட்டறையிலும் டூல் ரூமில் ஒரு நோட்டு இருக்கும். மைக்ரோமீட்டர் எடுத்தால் பெயர், நேரம், கையெழுத்து. திரும்ப வைத்தால் இன்னொரு கையெழுத்து. அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. நோட்டு இருப்பதால்தான், ஒரு கருவி காணாமல் போனால் எல்லாருடைய பையையும் திறந்து பார்க்காமல் இருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் வருவதற்கும் நான் அதையே கேட்கிறேன்.

அதை எப்படிச் செய்வது என்பது இப்போது கடினமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. முதலில் ரவுட்டரில் திறந்த போர்ட்டை மூடுவது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன், அதாவது அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸுக்கும் இடையே வேறு யாரும் படிக்க முடியாத ஒரு தனிப் பாதை. ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், 2020 மார்ச் 29 அன்று, லினக்ஸ் 5.6 வெளியானது; ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு என்ற விபிஎன் அதில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 வரிகளே உள்ள சின்ன மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் எனக்குப் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் 'தவறு' என்றுகூட அது பதில் சொல்லாது. தட்டுகிறவனுக்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு ஆளின் கருவிக்கும் தனிச் சாவி. யார் விலகினாலும் அவருடைய சாவியை மட்டும் எடுத்துவிடலாம். மற்றவர்களுக்குப் பாஸ்வேர்டு மாற்றிச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. ஸ்டாட்டிக் ஐபி வாங்க முடியாத இடங்களிலும், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் பிராட்பேண்ட் இணைப்புகளிலும், இரண்டு பக்கமும் வெளியே போய் நடுவில் சந்தித்துக்கொள்ளும்படி இதே வயர்கார்டின் மேல் கட்டிய சேவைகள் உள்ளன.

விலை கொடுத்து ஃபயர்வால் பெட்டி வாங்கி மாட்டினவர்களும் உண்டு. நல்லதுதான், ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஃபோர்ட்டிநெட் நிறுவனத்தின் பெட்டிகளிலுள்ள விபிஎன்னில் இருந்த ஒரு ஓட்டைக்கு 2019-லேயே மருந்து வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட பெட்டிகளிலிருந்து திரட்டப்பட்ட ஏறத்தாழ 5 லட்சம் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் 2021 செப்டம்பரில் வெளியே கொட்டப்பட்டன. எந்தப் பெட்டியானாலும் அப்டேட் போடுவது யார், எந்தத் தேதியில் என்று முடிவு செய்யாமல் வாங்கக் கூடாது என்பேன்.

விபிஎன்னுக்குப் பிறகு ஆளுக்கொரு பயனர் பெயர், கூடவே போனில் வரும் ஓடிபி. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. 2025 ஜனவரியில் பெரிய வியாபாரங்களில் தொடங்கி ஏப்ரலுக்குள் எல்லாருக்கும் இ-வே பில் தளத்தில் ஓடிபி கட்டாயம் என்று ஆன பிறகு, டெஸ்பாட்ச் பார்க்கிறவர்களுக்கு இது கைப்பழக்கமாகிவிட்டது.

எதிர்ப்பு வந்தது வேறு இடத்தில். ஒரு கம்பெனியில் 30 வருஷமாகக் கணக்குப் பார்க்கும் பெரியவர். பீரோ சாவி, செக் புக் எல்லாம் அவர் கையில். "என்னையே வெரிஃபை பண்ணணும்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெயர் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். "சார், இது உங்களைப் பிடிக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு உங்க பேர்ல எவனாவது வந்தா, அது நீங்க இல்லன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு." கேட்டுவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கு அந்த ஆபீஸில் அடுத்தவர் பெயரில் உள்ளே வர யாரையும் விடாதவர் அவர்தான்.

பதிவேடுகளையும் நான் இப்போது அந்தக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவைப்பதில்லை. செக்யூரிட்டி லாக்கின் அளவை எங்கே போனாலும் முதல் வேலையாகக் கூட்டுகிறேன். நகலை வேறொரு கருவிக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில், கம்பெனிகள் தங்கள் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உள்ளது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். சுமை என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த 180 என்ற எண் வேறு மாதிரி தெரிந்தது. ஃபார்மட் செய்யப்பட்ட கம்ப்யூட்டரின் லாக் வேறெங்காவது 180 நாள் இருந்திருந்தால், அந்தப் புரோகிராமர் பையனைப் பற்றி இரண்டில் ஒன்று சொல்லியிருக்கலாம்.

சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வேன். 2013 கடைசியில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடரில் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் களவு போனது. திருடர்கள் முதலில் நுழைந்தது டார்கெட்டுக்குள் இல்லை. அதற்குக் குளிர்சாதன வேலை செய்து கொடுத்த, பென்சில்வேனியாவிலுள்ள ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்குள். பில் அனுப்புவதற்காக அந்தச் சிறு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த லாகினைப் பிடித்துக்கொண்டு பெரிய இடத்துக்குள் போனார்கள். அம்பத்தூரில் பெரிய வாகனக் கம்பெனிகளின் சப்ளையர் போர்ட்டலுக்கு லாகின் வைத்திருக்கும் பட்டறைகள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால் போதும். இங்கே கதவு உடைந்தால் நம் பெயர்தான் அங்கே கெடும்.

போனவர்களின் லாகினை எடுக்காமல் விடுவது இன்னொரு வழக்கம். 2021 மே மாதம், இங்கே அந்தப் பெண்ணின் மேல் சந்தேகம் விழுந்த அதே மாதம், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் நிறுத்தப்பட்டது. காரணம், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான், ஓடிபி இல்லை. அதனால் ஒவ்வொரு காலாண்டிலும் யார் யாருக்கு வழி இருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்து ஓனர் முன் வைக்கிறேன். வேலையை விட்டுப் போனவர், மாற்றிய ஆடிட்டர், கனடாவுக்குப் போன மகன் என்று ஒவ்வொரு பெயராகப் பேசி, வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிறேன்.

சிசிடிவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கு இவ்வளவும் செய்துவிட்டு, வீட்டிலிருந்து கேமரா பார்ப்பதற்காக டிவிஆருக்கு ஒரு போர்ட்டைத் திறந்து, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே வைத்திருப்பார்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய தளங்களை முடக்கியது. கேமராவும் விபிஎன்னுக்குள்தான் இருக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்குக் கணக்குக் கம்ப்யூட்டர் மட்டும், மெஷின் பார்ப்பவருக்கு மெஷின் மட்டும் தெரிய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது, இத்தனை ஒழுங்கும் இருந்த ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. சர்வரை மேசைக்கு மேல் வைப்பதும், பேக்கப் டிஸ்க்கை வேறு இடத்தில் வைப்பதும் என் பட்டியலில் இப்போது முன்னால் வந்திருக்கின்றன.

அந்தப் பெண் பிறகு அம்பத்தூரில் வேறொரு கம்பெனிக்குப் போனார். சேர்ந்த அன்றே, ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "இது எல்லாருக்கும் பொதுவா சார்? எனக்குத் தனியா ஒண்ணு போட்டுக் கொடுங்க, அது வர்ற வரைக்கும் ஆபீஸ்லயே உக்காந்து பாக்கறேன்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தக் கம்பெனி ஓனர் இதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். போர்ட்டை மூடி, வயர்கார்டு போட்டு, ஓனர் உட்பட எல்லாருக்கும் தனித்தனிப் பெயரும் ஓடிபியும் வைத்தாகிவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி. விஎம்சி மெஷினுக்கு சர்வீஸ் பார்க்கிறவர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே வரும்படி ஒரு ரிமோட் மென்பொருள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மெஷினின் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. தேவைப்படும்போது மட்டும் இங்கிருந்து ஒருவர் ஆன் செய்து, வேலை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் நிறுத்தும்படி மாற்ற வேண்டும். சர்வீஸ் இன்ஜினியரிடம் பேசியிருக்கிறேன். அடுத்து மெஷின் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.